முழுக்கக் குடித்த கஞ்சி

இன்று காலை தேவாலய மண்டபத்தில் கஞ்சி காய்ச்சினோம். தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசனை இத்தாலியில் நாங்கள் இருக்கிற இந்த அல்பெர்கேரியா ஒழுங்கை முழுக்கப் பரவியது. மே மாதக் கஞ்சிக்கு அரிசி, தண்ணீர், உப்பு மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "பால் விடாட்டில் பிள்ளையள் வாயிலையும் வைக்காதுகள், அக்கா" என்றார்கள். நீ இருந்திருந்தால் அகப்பையைப் பிடுங்கியிருப்பாய். போரின் கடைசி மாதங்களில் வன்னியில் அரசு சனத்தைப் பட்டினி போட்டு, கஞ்சிக்கு நின்ற வரிசையிலேயே ஷெல் அடித்துக் கொன்றதை நினைத்துக் காய்ச்சுகிற கஞ்சி, இப்போது பாயாசம் மாதிரி இருக்கிறது.

கஞ்சிக்குப் பிறகு திரையில் உன்னைப் பற்றிய வீடியோவைப் போட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் எடுத்தது. ஒரு வாரமாக எல்லோருடைய போனிலும் அதுதான். நீயாக நடிக்கிற பெண், வரிசையில் நின்று வாங்கிய கஞ்சியை அழுகிற குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறாள். வயலின் வேறு. கீழே இத்தாலிய எழுத்து ஓட, மண்டபமே மூக்கைச் சிந்தியது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. நீ போய் இரண்டு வருடம். உன் முகத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான்: மே வந்தால் உனக்கு முன்வரிசைக் கதிரை, எனக்கு அடுப்படி. என் தம்பியும் அங்கேதான் முடிந்தான். அந்த மாதங்களில் நான் இங்கே வீட்டு வேலைக்குப் போய், முதலாளியம்மா சிஞ்ஞோராவின் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். அதை யார் படம் எடுப்பார்கள்?

ஆனால் நீ மேடையில் வாயே திறந்ததில்லை. எனக்கு மட்டும், ஒரே ஒரு முறை சொன்னாய். நீ இங்கே வந்து என்னோடு வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள், சிஞ்ஞோரா வீட்டில் கட்டில் விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம்.

"ஷெல் விழ எல்லாரும் படுத்திட்டம். எழும்பேக்கை எனக்கு முன்னாலை நிண்ட மனிசி இல்லை. நான் ஓரடி முன்னுக்குப் போய்ச் சட்டியை நீட்டினன். பக்கத்திலை ஒரு பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டது. குடுக்கேல்லை. முழுக்கக் குடிச்சனான்."

பிறகு, "நுனியை நேராப் பிடி" என்றாய். நாங்கள் அடுத்த விரிப்பை எடுத்தோம்.

இன்று வீடியோ முடிந்ததும் உன் மகள் என்னிடம் வந்தாள். அவளும் அந்தச் சட்டைதான் போட்டிருந்தாள்.

"அன்ரி, அம்மா எனக்கு ஒண்டுமே சொல்லேல்லை. நீங்கள்தானே அவவோடை வேலை செய்தனீங்கள். உண்மையாவே அந்தப் பிள்ளைக்குக் குடுத்தவவோ?"

எல்லோரும் அழுது முடித்த பிறகு அவள் மட்டும்தான் கேட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது நீதான், திரையில் வந்தவள் அல்ல. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள், உன் பிள்ளையல்லவா.

"ஓம், குடுத்தவ" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

பாவம், பிள்ளை நல்லபடியாக நினைக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பொய். இரக்கத்தில் சொல்லவில்லை. ஊருக்கே உன்னைப் பங்கு போட்டாகிவிட்டது. பசியில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே குடித்த நீ மட்டும்தான் என்னிடம் மிச்சம். உன் மகளே வந்து கேட்டாள். அவளுக்கும் நான் தரவில்லை.