இடது சீட்டின் அடியில்

12-11-1974, செவ்வாய்.

தானாகச் சரியாகிவிட்டதென்று ஆறு வருடமாக நம்பியிருந்த பழுது இன்று பிடிபட்டது. சாயங்காலம் பக்கத்து வீட்டு ராவ் என் பழைய காரில் முன்னால் உட்கார்ந்து வந்தார். லோத்குண்டா திருப்பத்தில் ஒரு குழியில் இறங்கியதும் எஞ்சின் நின்றது. அவரை இறக்கிவிட்டு சீட்டைத் தூக்கினேன். பின்னாலிருக்கும் பெட்ரோல் பம்புக்குப் போகும் வயர், ஸ்பிரிங் அழுத்தி அழுத்தி உள்ளே பாதி அறுந்திருந்தது. மேலே ஆள் உட்கார்ந்தால்தான் கரண்ட் விட்டுப்போகும்.

விமானக் கருவிகளில் பழுது தேடுவதுதான் பாலாநகரில் என் வேலை. வெட்கமாக இருக்கிறது.

கல்யாணமான புதிதில் கமலா அந்த சீட்டில்தான் வருவாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, கடைப் பலகைகளில் இருக்கும் தெலுங்கை எழுத்துக்கூட்டி எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். வண்டி நிற்கும்போதெல்லாம், "நீ ஏறினாலே மக்கர் பண்ணுது" என்று சிரிப்பேன். ஒருநாள் பேசாமல் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அதன்பின் வண்டி நிற்கவேயில்லை. ஏன் என்று நானும் யோசிக்கவில்லை.

இன்று சமையலறையில் போய்ச் சொன்னேன். "வயர்தான் கமலா, நீ இல்ல. இனிமே முன்னாடி உட்காரு."

"இருக்கட்டுங்க, பின்னாடியே பழகிடுச்சு" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.