மூன்று மிடறு

வெள்ளவத்தை,
புதன் இரவு.

அன்பின் சப்ரி நானாவுக்கு,

தங்கை ரிஸ்னாவின் ஸலாம். கட்டாரில் நீங்கள் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

உம்மாவின் போனில் அனுப்பினால் அவர் பார்த்துவிடுவார். அதனால்தான் கடிதம். மேல்மாடி கிருபாகரன் அங்கிள் காலையில் டோஹாவுக்குப் பறக்கிறார். அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

வாப்பாவுக்கு இலேசான காய்ச்சல் என்றுதானே உம்மா உங்களிடம் சொன்னார்? இலேசு இல்லை, நானா. மூச்சு கரகரக்கிறது. ஒக்சிஜன் போட்டிருக்கிறார்கள்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே நர்ஸ் மிஸ் சொன்னார், விழுங்கும் பலம் திரும்பும்வரை வாயால் தண்ணீர்கூட வேண்டாம், சுவாசப்பைக்குள் போய்விடும், எல்லாம் மூக்குக் குழாயால்தான் என்று. ஞாயிற்றுக்கிழமை பீபி மாமி உம்றாவுக்குப் போய் மக்காவில் இருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். உம்மா தடுத்துப் பார்த்தார். ஸம்ஸம் குடிச்சு மௌத்தான ஒருத்தனைக் காட்டுங்க பார்ப்பம் என்று மாமி சிரித்தார். பிஸ்மி சொல்லி, முறைப்படி மூன்று மிடறாகப் பருக்கினார். வாப்பாவும் ஆசையோடுதான் குடித்தார். பிறகு முகம் கறுக்கும்வரை இருமினார். பாத்தீங்களா, நோய் வெளியாகுது என்றார் மாமி. மறுநாள் காய்ச்சல்.

வாயால் ஏதாவது கொடுத்தீர்களா என்று டொக்டர் கேட்டார். உம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இல்லை என்றார். வெளியே வந்ததும், வாப்பாவைத் தாய்போல வளர்த்த மனுஷியை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது மகள், நீ வாயைத் திறந்திராதே என்று அழுதார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாமி மறுபடி வருகிறார். போன முறை கொடுத்தது போதவில்லையாம், இந்த முறை ஒரு கோப்பை நிறையக் கொடுக்க வேண்டுமாம்.

நானா, இது கிடைத்த உடனே மாமிக்குக் கோல் எடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். டொக்டரிடம் உண்மையைச் சொல்லும்படி உம்மாவிடமும் சொல்லுங்கள். உம்மாவைத் திட்டாதீர்கள். அவர் சாப்பிடுவதே இல்லை.

என்னைக் கண்டால் வாப்பா இடது கையை வாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணீர் கேட்கிறார். மிஸ் காட்டித்தந்தபடி பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் ஒற்றுகிறேன். நேற்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போகும்வரை திரும்பவே இல்லை.

நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் கோல் எடுத்தால் போனை அவர் காதில் வைக்கிறேன். ரிஸ்னா தண்ணீர் தராதது இரக்கம் இல்லாமல் அல்ல என்று சொல்லுங்கள். அவருக்குக் கதைக்கத்தான் முடியாது, எல்லாம் விளங்கும். நாளைக்கே சொல்லிவிடுங்கள், நானா.

அல்லாஹ் நம் எல்லோரையும் காப்பானாக.

உங்கள் தங்கை,
ரிஸ்னா