திறக்காத மதகு

சட்டியில் எறா வெளுக்கிறது. விருத்தாசலம் கடைவீதியில் வாங்கியது. கண்ணாடி போலிருந்த சதை, சூடு பட்டதும் பால் நிறம். அடுப்பைக் குறைத்துவிட்டு நிற்கிறேன்.

அன்றும் இதே நிறம். பெண்ணாடம் சாலையில் எறா வளர்க்க நீங்கள் குத்தகைக்கு எடுத்த குளம். வலையில் வந்த குஞ்சுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினீர்கள். நம்மூர்ப் பீங்கான் பொம்மை மாதிரி வால் வெளுத்திருந்தது. கால்கள் இன்னும் அசைந்தன.

"உயிரோட வெந்து கெடக்குது பாரு."

வெள்ளை வால் நோய். பெரிய எறா அதைச் சுமந்துகொண்டே நன்றாயிருக்கும். குஞ்சுகள் சில நாளில் செத்துவிடும். மருந்து கிடையாது. போனில் தேடிப் படித்துச் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

பக்கத்துக் குளத்துக்காரர் கரையில் நின்றார். "மதகத் தொறந்து வுடுங்க பாய். தண்ணி ஓடையில போயி வெள்ளாத்துல கலந்துடும். கையோட புதுக் குஞ்சு வுடலாம். எல்லாரும் செய்றதுதான்."

"ஆத்துலயும் எறா இருக்குதுங்களே" என்றீர்கள்.

"ஆத்து எறாவுக்கு நீங்க என்ன மாமனா மச்சானா?"

நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பருவம் போனால் குளம் போகும். குளம் போனால் மறுபடி உங்களுக்குத் துபாய். அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"தொறந்தாதான் என்னங்க?"

நீங்கள் ஓடையில் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னீர்கள். பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி எறா பிடிக்கிறவள். "பேச்சுக் குடுத்தா பதிலே இல்ல. வாயில பறி." அவ்வளவுதான். காரணம் என்று எதுவும் சொல்லவில்லை.

மண்மூட்டை போட்டு மதகை அடைத்தீர்கள். தண்ணீரில் நோய் சாகக் கொட்டிய பிளீச்சிங் பவுடர் வாடை. செத்ததையெல்லாம் சுண்ணாம்பு தூவிப் புதைத்தீர்கள். குளம் தானாகக் காய்ந்து வெடித்தபோது பருவம் முடிந்திருந்தது. பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் தந்தது நான்.

"அழுவாத. போயிட்டு வரேன்."

வரவில்லை. நெஞ்சுவலி என்று உங்களோடு அறையில் இருந்தவர் போனில் சொன்னார். அடக்கமும் அங்கேயே. எந்த மண் என்று எனக்குத் தெரியாது. ஒரு போட்டோ அனுப்பினார்கள். மணல், ஒரு கல், யாருடைய நிழலோ.

போன வாரம் பெண்ணாடத்தில் இறங்கி ஆற்றோரம் நின்றேன். கணுக்கால் தண்ணீரில் குஞ்சு எறாக்கள். உடம்பு வழியாக அடிமணல் தெரிந்தது, அவ்வளவு தெளிவு. என் நிழல் விழுந்ததும் சிதறி ஓடின. உங்களால்தான் இருக்கின்றனவா, தெரியாது. திரும்பிப் பார்த்தேன், "இங்க பாருங்க" என்று சொல்ல.

ஆறு நன்றாயிருக்கிறது. எனக்கு நீங்கள் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல இன்னும் வரவில்லை.