வெளிச்சம் படாத பிலிம்

இன்று காலை அலுமாரியைத் திறந்தபோது உன் கமராவின் தோல் உறை மணந்தது. மாரி முடிந்தும் காயாத ஈரம், பழைய தோல், அதற்குள் எங்கேயோ கொஞ்சம் கருவாடு. உன் அம்மாவின் குசினியில் ஒருநாள் தொங்கியதில் ஒட்டிய வாசம். எத்தனை தடவை வெயிலில் வைத்தும் போகவில்லை. கலியாண வீடொன்றுக்குப் படம் எடுக்கப் போகவேண்டியவள், உறையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன்.

நாம் சேர்ந்து கலியாண வீடுகளுக்குப் படம் எடுத்துத் திரிந்த காலத்தில் இந்தக் கமராவை வாங்கிய நாள் நினைவிருக்கிறது. வவுனியாவில் பழைய சாமான் கடையொன்றில், நின்றுபோன மணிக்கூடுகளுக்கு நடுவில் கிடந்தது. ரஷ்யாவில் செய்த பிலிம் கமரா. பேர்போன ஜேர்மன் கமரா ஒன்றைப் பார்த்துச் செய்த மலிவான சாதி, லென்சும் அப்படியே. நான் வேண்டாமென்றேன்.

"எங்களிட்ட நல்ல கமரா ரெண்டு கிடக்கு. இதை வச்சு என்னடி செய்யப் போறாய்?"

"அதுகளில எடுத்த உடன எல்லாரும் ஓடி வந்து காட்டுங்கோ, காட்டுங்கோ எண்டு நிக்குதுகள். இதில ஒருத்தரும் கேக்கேலாது" என்றாய்.

முதல் பிலிமை வட்டக்கச்சியில் எங்கள் வயலில் பழுதாக்கினோம். இந்த வகைக் கமராவில் நாம் பார்க்கிற கண்ணாடி வேறு, படம் விழுகிற லென்ஸ் வேறு. லென்சின் மூடியைக் கழற்றாமலே நீ பாதி வயலை எடுத்து முடித்திருந்தாய். நான் கண்டு சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு அதைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிட்டாய். அதுதான் நீ.

இரண்டாவது பிலிமைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். உன் அம்மா கடல் தெரியும் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தா. இறுதி யுத்தத்துக்குப் பிறகு அவா எந்தக் கமராவுக்கும் முகம் கொடுத்ததில்லை. "வச்சிருந்த படமெல்லாம் கடலோட போச்சு. திரும்பச் சேர்த்து என்னத்துக்கு?" என்பா. மகள் ஊரெல்லாம் படம் எடுக்கிறாள், பெற்றவளுடைய ஒரு படம் இல்லை. அன்றைக்கும் நீ கேட்டாய்.

"இதில உடன பாக்கேலாதம்மா. கொழும்புக்கு அனுப்பிக் கழுவினாத்தான் தெரியும்."

"அப்ப எடுத்த கையோட கொண்டுவந்து காட்டமாட்டியோ?"

"மாட்டன்."

"சரி, எடு."

கவிழ்த்த மீன்பெட்டியில் அவா இருந்தா. நீ கண்ணாடிக்குள் பார்த்து லென்சைத் திருப்பிக்கொண்டே நின்றாய். நடுவில் உள்ள மஞ்சள் கட்டத்துக்குள் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான இடத்தில் அழுத்த வேண்டும். உனக்கு இன்னும் கை பழகவில்லை. காத்திருந்து அலுத்துப்போய் அம்மா சிரித்துவிட்டா. அந்த நேரம் அழுத்தினாய். பிறகு கமராவை என் கையில் தந்து, "என்னையும் ஒண்டு எடுத்துப் பழகு" என்றாய். எடுத்தேன்.

அதோடு வீடு திரும்பியிருக்கலாம். நீதான் கடற்கரை வீதியால் போவோம் என்றாய். அங்கே ராணுவம் அடைத்த கம்பிவேலிக்கு உள்ளே உங்கள் பழைய காணி கிடக்கிறது. வீடு இல்லை, கிணற்றுக்கட்டும் ஒரு பூவரசும் மட்டும் வீதியில் நின்றால் தெரியும். நீ ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கினாய். நான் இறங்கவில்லை. "கெதியா எடு" என்றேன். நீ அவசரப்படவில்லை. கிணற்றை மஞ்சள் கட்டத்துக்குள் கொண்டுவந்தாய். கிளிக் என்ற சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆனால் யாரோ கண்டிருந்தார்கள்.

மோட்டார் சைக்கிள் எங்கள் முன்னால் குறுக்கே வந்து நின்றது. ஓட்டிவந்தவருக்குச் சாதாரண உடுப்பு, ராணுவத்தைப்போலக் கட்டையாக வெட்டிய தலைமயிர். வேலிக்கு உள்ளே காவலில் நின்றவனும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன போட்டோ எடுக்கிற? காட்டுங்க."

"இதில பாக்கேலாது. பிலிம் கமரா" என்றாய்.

அவர் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். திரை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புத் தோல்தான் இருந்தது. நாங்கள் ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருக்கவேண்டும், குரல் மாறியது.

"அப்ப திறங்க. உள்ளுக்குப் பாக்கணும்."

திறந்தால் வெளிச்சம் படும். பட்டால் அம்மாவின் சிரிப்பு போய்விடும். அடையாள அட்டையை எடுப்பதற்காகப் பையைத் துழாவினேன். நீ கமராவைத் திருப்பி வாங்கினாய்.

"திறக்கிறன். அதுக்கு முன்னம் பிலிமைத் திருப்பிச் சுத்தவேணும். கொஞ்சம் நேரம் எடுக்கும்."

சுற்றத் தொடங்கினாய். சின்னக் குமிழ், கரகரவென்று கிடந்தது. வெயில் உச்சியில் நின்றது. அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி உன் அருகே வந்து நின்றார். "கெதியா" என்றார். நீ தலையாட்டினாய், ஆனால் கை அதே வேகத்தில்தான் போனது. காவலில் நின்றவன் வேலிக்கரைக்கு வந்துவிட்டான். அவன் ஏதோ கேட்க, இவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எங்களைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். உன் கழுத்தில் வியர்வை இறங்கியது. உன் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு இடத்தில் குமிழ் சட்டென்று இலகுவாகியது. பிலிம் முழுக்க டப்பிக்குள் போய்விட்டது, இனித் திறந்தாலும் வெளிச்சம் படாது. அதற்குப் பிறகுதான் அடியில் உள்ள திருகுகளைத் திருப்பி, முதுகைக் கழற்றி நீட்டினாய்.

உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தில் அந்தச் சின்ன டப்பி மட்டும். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா?"

"ஓம். அதில என்ர அம்மா இருக்கிறா. அந்தக் கிணறும் எங்கட தான்" என்றாய். கெஞ்சவில்லை. விபரம் சொல்வதுபோலச் சொன்னாய்.

அவர் பூவரசுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். டப்பியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "இங்க நிக்கவேணாம். போங்க" என்றார்.

திரும்பும்போது ஸ்கூட்டியை நான்தான் ஓட்டினேன். பின்னால் இருந்து உன் நெற்றி என் முதுகில் மோதிக்கொண்டே வந்தது. நீ அழுகிறாய் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். கனதூரம் வந்த பிறகு, "வெளிச்சம் படேல்லையடி. எங்கயோ இருக்கும்" என்றாய்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவா உன்னை ஏசவில்லை. கையில் இருந்த கருவாட்டைப் பாயில் பரப்பி முடித்துவிட்டு, "அப்ப இன்னொருக்கா எடு" என்றா. அடுத்த கிழமை அதே மீன்பெட்டியில் இருந்தா. நீ எடுத்தாய். கொழும்புக்கு அனுப்பினோம். அது திரும்பி வருவதற்குள் வெள்ளம் வந்தது. வெள்ளத்துக்குப் பின்னால் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த கடைசிநாளில் எனக்கு அது கடைசி என்று தெரியவில்லை. "நாளைக்கு வாறன்" என்றுவிட்டு வந்தேன்.

படங்கள் உன் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு வந்தன; எங்கள் பக்கத்தில் அதை அந்தியேட்டி என்போம். அம்மாவின் படம் நன்றாக வந்திருந்தது. இந்த முறை சிரிக்கவில்லை, உன்னை நேரே பார்த்துக்கொண்டிருந்தா. கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வைத்துக் கனநேரம் பார்த்தா.

"என்னை எடுத்தவள். அவளின்ர படம் எங்க?"

ஊரார் கலியாணங்களை எல்லாம் எடுத்த உனக்கு ஒழுங்கான படமில்லை. போனில் இருப்பவற்றில் எல்லாம் பாதி முகத்தைக் கமரா மறைக்கிறது. செத்தவீட்டில் வைத்தது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. அதை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தா.

"நான் ஒண்டு எடுத்தனானம்மா. அது அந்த ஆளிட்டப் போயிட்டுது" என்றேன்.

அவா படத்தை மடியில் வைத்தா. பிறகு, "எடுக்கேக்குள்ள எப்பிடி இருந்தவள்?" என்று கேட்டா.

சொன்னேன். உனக்குப் பின்னால் கடல் வெள்ளையாக எரிந்தது. காற்றுக்கு மயிர் வாய்க்குள் போக, அதைத் துப்பிக்கொண்டு நின்றாய். வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கியிருந்தாய். கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. கட்டத்துக்குள் இரண்டாக இருந்தாய். நான் திருப்பத் திருப்ப ஒன்றானாய். "எடுத்து முடியடி, பசிக்குது" என்றாய்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. "ம். இன்னொருக்கா சொல்லு" என்றா.

இப்போது போகும்போதெல்லாம் கேட்கிறா. நானும் சொல்கிறேன். சொல்லச் சொல்ல, இல்லாத ஒரு சிரிப்பை உன் முகத்தில் வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் மெதுவாக, ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்கிறேன்.