சிவப்பு ஸ்டிக்கர்

திருவனந்தபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி அனந்தபத்மநாபனுக்கு, கரமனை அழகியநம்பி தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம்.

தன் கையாலேயே என்பதை இன்னொரு தடவை படித்துக்கொள். இதுவரை எனக்கு வந்த கடிதத்தையெல்லாம் கம்பெனியில் கூட வேலை பார்த்த நீதான் படித்துச் சொன்னாய். ஷைலஜா டீச்சரின் சாட்சரதா என்கிற எழுத்தறிவு வகுப்பில் போன மாதம் தேறிவிட்டேன். கடிதம் என்றால் நலம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று டீச்சர் சொல்லித் தந்திருக்கிறார். விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது, புருவத்தில் தையல், வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர். மற்றபடி நலம். இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

நீ தேடும் வரி இதுதான்: ஜானவிக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் மகளுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. இனி மெதுவாகப் படி. நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

பேக்கிங்கில் வேலை என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அது பொய். நீ வள்ளியூருக்கு உன் அக்கா வீட்டுக்குப் போன பிறகு அவளை, தகடு வளைக்கும் உன் பிரஸ்ஸிலேயே நிறுத்தினார்கள். அவளும் கேட்டு வாங்கிக்கொண்டாள். உன் கையை விழுங்கிய அதே பிரஸ்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நம் டிசைனர் ஷில்பா மேடம் வரைந்த அந்தப் புதிய கம்ப்யூட்டர், மேசைமேல் ஒரு தகடு நிற்கிற மாதிரி அவ்வளவு மெல்லிசு. ஒரு திருகாணிகூட வெளியே தெரியாது. அதன் பின்மூடிக்கான அலுமினியத் தகடு, அதை வளைக்கும் உருக்கு அச்சின்மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஒரு கையால் பிடித்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தானே பிரஸ் இறங்கும்? அதனால் புரொடக்‌ஷன் மானேஜர் மஹேஷ் ஒரு பொத்தானை அமுக்கி டேப் ஒட்டிவிட்டார். அன்று முதல் ஒரு கை பொத்தானில், ஒரு கை அச்சின் வாய்க்குள். இருநூறு டன் இறங்கியபோது உன் வலது கை உள்ளே இருந்தது. நீ கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது. பிரஸ்ஸை மேலே தூக்கியபோது, கை இருந்த இடத்தில் மூடி அழகாக வளைந்து வந்திருந்தது, சிவப்பாக. அதையும் ரிஜெக்ட் என்று, கழிவை உடைக்கும் என்னிடம்தான் அனுப்பினார்கள். அடித்து நொறுக்கினேன்.

நீ கண் அசந்துவிட்டாய் என்று கம்பெனி எழுதிக்கொண்டது. மகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று நீயும் வாய் திறக்கவில்லை. ஆனால் அவள் அதை நம்பிவிட்டாள், அனந்தா. டேப்பைக் காட்டி நான் எத்தனையோ தடவை சொன்னேன். சிரித்துக்கொண்டே, “அப்பா கண்ணசந்துட்டார் மாமா. நான் அசர மாட்டேன், கேட்டேளா” என்றாள்.

போன திங்கட்கிழமை பிரஸ் அவள் கையுறையைப் பிடித்துவிட்டது. நுனி உள்ளே போய்க் காகிதம்போல வந்தது. விரல் ஒரு நெல்லளவு வெளியே இருந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டாள். நான் உடனே மஹேஷிடம் போய் டேப்பை எடுக்கச் சொன்னேன். ‘அம்மாவன் உடைக்கிற வேலையைப் பார்த்தால் போதும்’ என்றார், என்னை மாமா என்று மலையாளத்தில் கூப்பிட்டு.

சரி, அதையே பார்க்கலாம் என்று தோன்றியது.

நம் கம்பெனியின் சட்டம் உனக்குத் தெரியும். மூடியில் முடியளவு கீறல் இருந்தாலும் ரெம்யா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அதில் காரணத்தை எழுதுவாள். சிவப்பு ஒட்டியது வெளியே விற்பனைக்குப் போகக் கூடாது. யாரையும் கேட்காமல் நான் சம்மட்டியால் அடித்துவிட வேண்டும். எத்தனை அழகான சாமான்களை உடைத்திருக்கிறேன். பொய் சொல்வானேன், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

ரெம்யாவிடம் ஒரு ஸ்டிக்கர் கேட்டேன். எழுதிப் பழகத்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் அச்சை பிரஸ்ஸிலிருந்து இறக்கிப் பாலிஷுக்காக மேசைமேல் வைத்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கண்ணாடிபோல மின்னியது. என் முகம் தெரிந்தது. ஸ்டிக்கரில் நீளமாக எழுத நினைத்திருந்தேன். இடம் சின்னது, என் எழுத்து பெரிது. ஒரே ஒரு எழுத்துதான் கொள்ளும் என்று தெரிந்தது. எழுதி ஒட்டினேன்.

பிறகு சம்மட்டியைத் தூக்கினேன்.

உருக்கு, தம்பி. அலுமினியம் மாதிரி மடங்காது. முதல் அடியில் என் தோள்தான் அதிர்ந்தது. அடுத்த அடியில் தீப்பொறி. அப்புறம் விளிம்பு தெறித்து ஒரு சில்லு என் கன்னத்தில் ஏறியது. ரத்தம் வாய்க்குள் வந்தது, துப்பிவிட்டு அடித்தேன். உன் பெயரைச் சொல்லி அடித்தேன். அந்த மினுமினுப்பில் ஒரு உள்ளங்கை அகலம்கூட மிச்சம் வைக்கவில்லை.

சாப்பாட்டுக் கையோடு எல்லோரும் ஓடிவந்தார்கள். மஹேஷ் பக்கத்தில் இருந்த ஒரு மூடியை எடுத்து அதன் விளிம்பாலேயே என் முகத்தில் அடித்தார். ஷில்பா மேடத்தின் மெல்லிசு விளிம்பு புருவத்தைக் கத்தியாகக் கிழித்தது. மூடியும் வளைந்துபோனது. இதற்கும் சிவப்பு ஒட்டணுமே என்று சொன்னேன். அந்தப் பேச்சுக்குத்தான் என்னைக் கீழே தள்ளினார்கள். இரண்டு செக்யூரிட்டிகள் பூட்ஸ் காலால் மிதித்ததில் விலா போயிற்று. முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

அப்போதுதான் மஹேஷ் ஸ்டிக்கரைப் பார்த்தார். என்னைத் தவிர அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் உன் மகள். கூப்பிட்டு, எந்தா இது, வாயி என்று படிக்கச் சொன்னார். அவள் குனிந்து பார்த்தாள். என் ரத்தம் சொட்டியிருந்ததைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் படித்தாள்.

“கை.”

மலையாளத்திலும் அதே சொல்தானே. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாரோட கை என்று மஹேஷ் கத்தினார்.

“எங்க அப்பாவோடது சார்” என்றாள். என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நேராக பிரஸ்ஸுக்குப் போய், நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்த டேப்பை உரித்தாள். அமுங்கிக் கிடந்த பொத்தான் மேலே வந்தது. கையுறைகளை அதன்மேல் கழற்றி வைத்துவிட்டு வந்து என் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அவளோடு இன்னும் நாலைந்து பேர் வேலையை விட்டு வந்து நின்றார்கள். அதற்குமேல் யாரும் என்னை மிதிக்கவில்லை.

போலீஸ் வாக்குமூலத்தில் என் முழுப் பெயரையும் எழுதினேன். “அப்பூப்பா, இது தீரும்போ என்டெ டூட்டி தீரும்” என்று என் வேகத்தைப் பார்த்துச் சொன்னார் அந்தப் போலீஸ்காரர்; தாத்தா எழுதி முடிப்பதற்குள் அவர் டூட்டியே முடிந்துவிடுமாம். உடைத்தது நான்தான், தெரிந்தே உடைத்தேன் என்றும் சேர்த்து எழுதினேன். விலா கூடியதும் கூட்டிக்கொண்டு போவார்களாம். போகட்டும். அங்கேயும் தபால் வருமாம், விசாரித்துவிட்டேன்.

கம்பெனி வேறு அச்சு செய்யும். அது எனக்கும் தெரியும். ஆனால் புது அச்சு வந்தாலும் உன் மகள் அதன் முன்னால் நிற்க மாட்டாள்.

புதன்கிழமை பஸ்ஸில் ஜானவி அங்கே வருகிறாள். டேப்பை வைத்திருக்கிறாள், உனக்குக் காட்ட. பொய் சொன்னதற்காக அவளைத் திட்டாதே. நீயும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. யார் வந்தாலும் நீ துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொள்வதாக உன் அக்கா போனில் சொன்னார். அவள் வரும்போது மூடாதே, அனந்தா. அவள் பார்க்கட்டும், தொடட்டும்.

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். எனக்கு ஒரு பதில் வேண்டும். வேறு யாரையும் எழுதச் சொல்லாதே. இடது கையால் எழுது. கோணலாக வரும், வரட்டும். என் முதல் ‘அ’ செத்த தவளை மாதிரி இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும், உள்ளே போனாலும் அதை நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
அழகியநம்பி.