அளவுக்கு நிற்கிற ஆள்

சாணார்பட்டி
12.3.1985

மாப்பிள்ளை மோகன்குமாருக்கு மாமா சோலைமுத்து சொல்லச் சொல்ல, தையல்கடை ஆரோக்கியதாஸ் எழுதுவது.

நாங்கள் கிணறு வெட்டிய வருஷத்தைக் கேட்டிருந்தாய். காந்தியைச் சுட்ட தை மாதம். சேதி எங்களுக்கு மறுநாள்தான் வந்தது. என்னோடு மேலே நின்றவன் கிணற்றுக்குள் குனிந்து, "ஏலே, வேலைய நிறுத்திட்டு ஏறி வாங்க" என்றான். அன்றைக்குத்தான் பாறை தட்டியிருந்தது.

நீ படம் போட்ட புத்தகம் வந்தது. கிணற்றைக் கொய்யாப்பழம் மாதிரி பாதியாய் அறுத்து, மண், சரளை, பாறை, ஊற்று எல்லாம் காட்டியிருக்கிறாய். கப்பி இருக்கிறது, வடம் இருக்கிறது. ஆட்கள் எங்கே? உள்ளே இறங்கி வெட்டின சங்கிலி எப்படி இருப்பான், பெருமாள்சாமி தலைப்பாகை எப்படிக் கட்டுவான் என்று நான் சொல்லச் சொல்லப் பென்சிலால் போட்டாயே. அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். எரியோட்டிலிருந்து சங்கிலி மகன் மில்லுக்கு லீவு போட்டு வந்து, ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டினான். "பெரியப்பா, எங்கய்யா எங்க?" என்றான். கிணற்றடியில் கால்சட்டை போட்டு ஒருத்தன் நிற்கிறான். அவனைக் காட்டி, "இவரா?" என்றான். யாரப்பா அவன்?

அத்தைக்கு மூட்டுவலி. மற்றப்படி சுகம்.

சோலைமுத்து (கைநாட்டு)


சென்னை
20.3.1985

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். அத்தையை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்த மனிதர் யாருமில்லை மாமா. அளவுக்காக நிற்கிறார். பிள்ளைகள் அவர் உயரத்தை வைத்துத்தான் கிணற்றின் ஆழத்தைப் புரிந்துகொள்வார்கள். அணை, பாலம், ரயில் எஞ்சின், நான் வரைந்த எல்லாப் புத்தகத்திலும் அவரேதான். நீங்கள் சொன்ன எல்லோரையும் முதலில் வரைந்தேன். கப்பியும் வடமும் ஆட்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. "எந்திரமே தெரியலையே, ஆட்களை எடுங்க சார்" என்றார் பதிப்பாளர். வரைந்தவனே உட்கார்ந்து அழித்தேன். எனக்கு மட்டும் அது ஆசையா? நீங்களும் கோபித்தால் நான் யாரிடம் சொல்வேன்?

உங்கள் மருமகன்,
மோகன்குமார்


சாணார்பட்டி
1.4.1985

மாப்பிள்ளைக்கு,

யாருமில்லை என்று நீ சொல்கிறவனுக்கு நிற்க இடம் இருக்கிறது, வெட்டினவனுக்கு இல்லை. வடம் தானாகவா மேலே வந்தது? இந்த இடத்தில் நான் சொன்னதை எழுத மாட்டேன் என்கிறார் ஆரோக்கியதாஸ். "மருமகனுக்குப் போற கடுதாசி, இதெல்லாம் ஆகாது அப்பு" என்கிறார். நீயே போட்டு வாசித்துக்கொள்.

சங்கிலி மகன் சந்தையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்த வயசில் பொய்யன் என்று பேர் வாங்கிவிட்டேன்.

சோலைமுத்து (கைநாட்டு)


சென்னை
9.5.1985

அன்புள்ள மாமாவுக்கு,

புத்தகம் மறுபடி அச்சாகிறது. பதிப்பாளரோடு சண்டை போட்டேன். அளவுக்கு நிற்கிற ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். ஒரே ஓர் ஆள்தான் மாமா, கெஞ்சியும் பயனில்லை. யாரை வரையட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மோகன்குமார்


சாணார்பட்டி
18.5.1985

மாப்பிள்ளைக்கு,

இதற்கு நீ கேட்காமலே இருந்திருக்கலாம். சங்கிலியைப் போட்டால் பெருமாள்சாமி வீட்டார் கேட்பார்கள். அவனைப் போட்டால், பாறையில் வெடிக்குத் துளை போட்ட ராயப்பராஜ் என்ன ஆனான் என்பார்கள். என்னைப் போடாதே. நான் மேலே நின்று வடம் இழுத்தவன், உள்ளே இறங்கினதே இல்லை.

கடைசியில் எரியோட்டுக்கே போய்ச் சங்கிலி மகனிடம் சொன்னேன். "அப்ப உசுரோட இருக்கவங்களப் போடுங்க பெரியப்பா. அவங்களாவது பாக்கட்டும்" என்றான். முழு மனசாய்ச் சொல்லவில்லை. ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்தான்.

அதனால் கேட்டுக்கொள். தலையில் கூடை, கூடை நிறையக் கல். ஒரு கை கூடையில், ஒரு கை இடுப்பில். உன் கால்சட்டைக்காரன் தோளுக்குத்தான் வருவாள். கிணறு இன்னும் ஆழமாகத் தெரிகிறதே என்று பதிப்பாளர் குறை சொன்னால் சொல்லட்டும். சுமந்து ஏறினவளுக்கு அம்புட்டு ஆழம் இருந்தது. முகத்தை மட்டும் மொட்டையாக விடாதே, கண்ணும் மூக்கும் போடு. நிலக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள், போய்ப் பார்த்தே வரைந்துகொள்ளலாம். உள்ளே இறங்கினவர்களில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். பேரு ஒச்சம்மாள்.