சிவப்பு நூல் கட்டிய தொட்டிகள்

பாலிகஞ்ச், கொல்கத்தா
பூஜை முடிந்த வாரம்

ஷியாமளா மேடத்துக்கு, ஆராய்ச்சித் தோட்டத்தில் உங்கள் தொட்டிப் புல்லைப் பார்த்துக்கொண்ட ஏழுமலையின் மனைவி பூங்கோதை வணக்கத்துடன் எழுதுவது. ஜெர்மனியில் குளிர் தாங்குகிறதா? இதை என் மகள் கல்பனா படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புவாள்.

அவர் மாரடைப்பில் போய் நாற்பது நாள் ஆகிறது. அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் புதிதாக வந்த மேலதிகாரி ரஞ்சன் பாபு, ஆபீஸ் காகிதத்தில் அவர் பேருக்கு நேராக 'வேலையில் அலட்சியம், புல்லுக்கு உரம் போடவில்லை' என்று எழுதிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள் தண்ணீர் தவறாத மனிதர்.

சிவப்பு நூல் கட்டிய தொட்டிக்கு யூரியா கூடாது, வெறும் தண்ணீர்தான் என்று சொன்னது நீங்கள். அவரும் மனசில்லாமல்தான் பட்டினி போட்டார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "பட்டினி கிடக்கிற இலையிலதான் மாவு ஜாஸ்தி, தெரியுமா?" என்றார். வெயிலில் இலை சமைத்துக்கொண்டேதான் இருக்கிறதாம். வளர்வதற்குத் தழைச்சத்து இல்லாததால் சமைத்ததைச் செலவழிக்க வழியில்லை, மாவாக உள்ளேயே தங்கிவிடுகிறதாம். நீங்கள் விடிகாலையில் இலையைப் பறித்து, ஸ்பிரிட்டில் வெளுக்கவைத்து அயோடின் விட்டபோது, உரம் போட்ட இலை சும்மா இருந்ததாம், சிவப்பு நூல் இலை உள்ளே இருந்த மாவால் கறுத்துப்போனதாம். தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்த எல்லாரும் சாப்பிட்டார்கள். அவர் கைபட்ட எதுவும் அன்றைக்குப் பசியோடு இருக்கக்கூடாது என்று தோன்றியது. தோட்டத்துக்குள்ளேதானே எங்கள் வீடு. யூரியாவைக் கரைத்து அந்தத் தொட்டிகளுக்கு ஊற்றிவிட்டேன். பத்து நாளில் பச்சைப் பசேல் என்று வந்துவிட்டது. ரஞ்சன் பாபு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா, உரம் போட்டா வளருது. உன் வீட்டுக்காரர் போடல." மேடம் சொல்லித்தான் போடவில்லை என்றேன். காகிதம் எங்கே என்றார். வாயால் சொன்னதற்குக் காகிதத்துக்கு எங்கே போவேன்?

உங்கள் கட்டுரையில் அந்தப் புல் இருக்கிறதாம், கல்பனா பார்த்துச் சொன்னாள். அதைப் பட்டினி போட்டவர் பேர் அதில் இல்லையாம். அது போகட்டும். 'நான் சொல்லித்தான் ஏழுமலை உரம் போடவில்லை' என்று ஆபீசுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு தொட்டிக்கு மட்டும் யூரியா பத்தவில்லை. எங்கள் ஜன்னலில் மஞ்சளாக நிற்கிறது. உங்கள் வரி வரும்வரை அதற்கு வெறும் தண்ணீர்தான். எனக்கும் கல்பனா தட்டில் போட்டு வைக்கிறாள், இறங்கவில்லை.

நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். அந்தத் தொட்டியை ரொம்ப நாள் காக்கவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஏழுமலை பூங்கோதை